சிலிண்டரில் பாதி காஸ் இருந்தும் தீ சுருங்குகிறது, என்ன காரணம்?

ஊட்டி மெஸ்:
19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர். விடியற்காலையில் இட்லி, சாம்பார், டீ என்று மூன்று பெரிய பர்னரையும் பற்றவைத்தால் அரை மணி நேரத்தில் தீ சுருங்கிவிடுகிறது. சிலிண்டரின் கீழ்ப்பக்கம் வெள்ளையாக உறைபனி படிகிறது. ஆட்டிப் பார்த்தால் உள்ளே தளும்புகிறது. ரெகுலேட்டர், டியூப் இரண்டும் மாற்றியாச்சு. மதியம் அதே சிலிண்டர் நன்றாக எரிகிறது. படுக்க வைத்தால் சரியாகும் என்கிறார் மாஸ்டர். செய்யலாமா?

காஸ் ஃபிட்டர்:
படுக்க வைக்கவே வைக்காதீர்கள் அண்ணா. திரவமே ரெகுலேட்டருக்குள் இறங்கிவிடும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும், தீ கட்டுக்கு அடங்காது.

உங்கள் ரெகுலேட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே காஸ் அழுத்தத்தால் திரவமாக நிற்கிறது. மேலே உள்ள வாயு அடுப்புக்குப் போகப் போக, அழுத்தம் குறைந்து திரவம் கொதிக்கிறது. அதற்கான வெப்பத்தைத் தன்னிடமிருந்தும் சிலிண்டர் சுவரிலிருந்தும் எடுத்துக்கொள்வதால் குளிர்ந்துபோகிறது. உறைபனி எந்த உயரம் வரை நிற்கிறதோ, ஏறத்தாழ அதுதான் திரவ மட்டம்.

இயற்பியல் ஆசிரியர்:
ஃபிட்டர் தம்பி சொன்னது சரி. கணக்கையும் பாருங்கள். காஸ் என்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. சாதாரண காற்றழுத்தத்தில் புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும், பியூட்டேனுக்கு மைனஸ் 0.5 வேண்டும். 20 டிகிரியில் பியூட்டேன் ஆவியின் அழுத்தம் கடல்மட்டக் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 2 மடங்கு, புரோப்பேனுக்கு 8 மடங்கு. 0 டிகிரிக்கு இறங்கினால் பியூட்டேன் ஏறக்குறைய வெளிக்காற்றின் அளவுக்கே வந்துவிடும், அப்புறம் அடுப்பு வரை தள்ள வலு இல்லை. புரோப்பேன்தான் முதலில் அதிகமாக வெளியேறும். அதனால் புது சிலிண்டர் குளிரைத் தாங்கும், பாதி தீர்ந்தது திணறும்.

ஊட்டி மெஸ்:
அப்போ கொதிநீர் ஊற்றலாமா? சாக்கு சுற்றலாமா?

காஸ் ஃபிட்டர்:
கொதிநீரும் நெருப்பும் கிட்டவே வரக்கூடாது, அழுத்தம் எகிறும். சாக்கு சுற்றினால் இன்னும் மோசம். காற்றிலிருந்து வரும் கொஞ்சநஞ்ச வெப்பத்தையும் அது தடுத்துவிடும். டீலரின் மெக்கானிக்கைக் கூப்பிட்டு இரண்டு சிலிண்டரை மேனிஃபோல்டில், அதாவது சிலிண்டர்களை ஒரே குழாயில் சேர்க்கும் அமைப்பில், இணைக்கச் சொல்லுங்கள். இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்க வேண்டும். ஒன்றில் எடுக்கும் காஸ் பாதியாகும், வெப்பம் வாங்கும் சுவரோ இரண்டு பங்காகும்.

ஊட்டி மெஸ்:
மெக்கானிக் வந்து இணைத்துக் கொடுத்தார். இன்று கடைசி ஈடு இறக்கும் வரை தீ குறையவில்லை. சிலிண்டர் இரண்டிலும் ஈரம் மட்டும் பூத்திருந்தது. ரொம்ப நன்றி தம்பி, நன்றி ஐயா.