சிவ் 7: ஏஜ் மாறும்போது எது தங்கும், எது போகும்?

ஆறுகோணம்:

நாகரிகம் ஒண்ணை டர்ன் டர்னா வளர்க்கிற கணினி வியூக ஆட்டம் சிவிலைசேஷன் 7 (சிவ் 7). அது பற்றின சண்டை ஓயுற மாதிரி தெரியல. 2025 பிப்ரவரி 11-ல வந்த ஆட்டம். ஆட்டம் விக்கிற ஸ்டீம் தளத்துல விமர்சனம் ‘கலவை’யிலேயே கிடந்தது, ஆடுற கூட்டமும் சிவ் 6 பக்கம்தான் அதிகம். தொடர்லயே துணிச்சலான மாற்றம் இதுதான்னு ஒரு கூட்டம், இது சிவ்வே இல்லன்னு இன்னொரு கூட்டம். ரெண்டு பக்கமும் சத்தம்தான் இருக்கு, விவரம் இல்ல.

அதனால ரெண்டே கேள்வி. ஆட்டம் ஆன்டிக்விட்டி, எக்ஸ்ப்ளோரேஷன், மாடர்ன்னு மூணு ஏஜா (காலகட்டமா) ஓடுது. ஆன்டிக்விட்டி முடிஞ்சு எக்ஸ்ப்ளோரேஷன் ஆரம்பிக்கும்போது சிட்டியெல்லாம் டவுனாகுது (உற்பத்தியில எதையும் கட்ட முடியாத சின்ன ஊர்), படை குறையுது, சயின்ஸும் கல்ச்சரும் தடால்னு விழுது. இதுல எது யாருக்கும் தப்பாதது, எது நாம தயாராகாததால வர்றது? அடுத்தது, இந்த வெறுப்புக்குக் காரணம் டிசைனா, இல்ல ஆட்டம் எதையும் ஒழுங்கா சொல்லித் தராததா?

வேல்கம்பு:

முக்கால்வாசி தயாராகாததால வர்றதுதான். ஒவ்வொண்ணா பார்ப்போம்.

சிட்டி: தலைநகர் மட்டும் சிட்டியாவே இருக்கும், மத்ததெல்லாம் டவுன் ஆகிடும். இதைத் தடுக்க ஒரே வழி பொருளாதார லெகசி பாத் (ஒவ்வொரு ஏஜுக்கும் ஆட்டம் வைக்கிற இலக்கு வரிசை). அதுக்கு 20 ரிசோர்ஸை (வளங்களை) செட்டில்மென்ட்களுக்கு, அதாவது நம்ம ஊர்களுக்கு, ஒதுக்கி முடிக்கணும். முடிச்சா அடுத்த ஏஜ் தொடக்கத்துல கோல்டன் ஏஜ் (பாத்தை முழுசா முடிச்சதுக்கான பரிசு) எடுக்கலாம், சிட்டி எதுவும் இறங்காது. 20-ன்னதும் மலைப்பா இருக்கும். ஆனா சொந்த மண்ணுல பாதி கிடைச்சாலே போதும், மீதிக்கு மெர்ச்சன்ட் அனுப்பி பக்கத்து நாட்டோட வணிகப் பாதை போட்டுடலாம். நிறைய பேர் கோட்டை விடுறது ரிசோர்ஸ்ல இல்ல, அதை வைக்கிற இடத்துல. ஒட்டகம் கிடைச்சா அதை முதல்ல ஒரு சிட்டியில வைங்க, அங்க கூடுதலா ரெண்டு இடம் திறக்கும்.

கோல்டன் ஏஜ் கிடைக்கலன்னாலும் உலகம் முழுகிடாது. டவுனோட உற்பத்தி தங்கமா மாறும். அதனால ஏஜ் தொடங்குன கையோட தங்க வரவு எகிறும். அந்தக் காசுல எல்லா ஊரையும் திரும்ப சிட்டி ஆக்கணும்னு நினைக்காதீங்க, அங்கதான் மாட்டிக்கிறாங்க. உற்பத்தியும் நல்ல அட்ஜசன்சியும் (பக்கத்துக் கட்டத்துல இருக்கிறதைப் பொறுத்துக் கட்டடத்துக்குக் கிடைக்கிற போனஸ்) உள்ள ரெண்டு மூணு ஊர் போதும். மத்ததை ஃபார்மிங் டவுன், மைனிங் டவுன்னு ஆக்கி, சிட்டிக்குச் சோறு அனுப்ப விடுங்க. ஒரு எச்சரிக்கை: டவுனுக்கும் சிட்டிக்கும் இணைப்பு இருந்தாதான் சோறு போகும். தனித் தீவு மாதிரி கிடக்கிற டவுனை ஃபார்மிங் ஆக்கினா யாருக்கும் பிரயோஜனம் இல்ல.

படை: ஆர்மி கமாண்டர் (படைத் தளபதி)தான் எல்லாம். ஒரு கமாண்டருக்கு ஆரம்பத்துல நாலு யூனிட் இடம். ஏஜ் மாறும்போது கமாண்டர் தன் ப்ரமோஷனோட அப்படியே வர்றார், அவருக்குக் கீழ இடம் இருக்கிற யூனிட்டும் வரும். கடைசி இருபது டர்ன்ல யூனிட்டா கட்டித் தள்ளுறதைவிட இன்னொரு கமாண்டர் கட்டுறது லாபம். யூனிட் தானா அடுத்த ஏஜ் தரத்துக்கு ஏறிடும், அப்கிரேடுக்குக் காசு செலவழிச்சிட்டு உட்கார வேண்டாம்.

சயின்ஸும் கல்ச்சரும் விழுறது: இதுதான் பெரும்பாலும் தப்பாதது. பழைய ஏஜ் கட்டடங்கள் அட்ஜசன்சியை இழந்துடும். ஸ்பெஷலிஸ்ட் (கட்டடக் கட்டத்துல வேலைக்கு உட்கார வைக்கிற மக்கள்) செய்ற முக்கிய வேலை அட்ஜசன்சியைப் பெருக்குறதுதான். பெருக்க ஒண்ணும் இல்லாதப்போ அவங்க தின்கிற சோத்துக்கும் ஹேப்பினஸுக்கும் ஏத்த பலன் வராது. தலைக்கு ரெண்டு சோறு, ரெண்டு ஹேப்பினஸ். அதனால புது ஏஜ்ல முதல் ஓவர்பில்ட் (பழைய கட்டடத்துக்கு மேல புதுசு கட்டுறது), ஸ்பெஷலிஸ்ட் அதிகமா உட்கார்ந்திருக்கிற கட்டத்துல நடக்கணும். வேர்ஹவுஸ் வகைக் கட்டடம், வொண்டர் (உலக அதிசயம்), அந்தந்த நாகரிகத்தோட தனிக் கட்டடம் இதெல்லாம் காலம் கடந்து நிக்கும், அதைத் தொடாதீங்க.

இன்னொண்ணு, இதை ஆட்டம் எங்கேயும் உரக்கச் சொல்றதில்ல. லைப்ரரி மாதிரி சயின்ஸ் கட்டடத்துக்கு அட்ஜசன்சி ரிசோர்ஸ்லேர்ந்து வருது, கல்ச்சர் கட்டடத்துக்கு மலையிலேர்ந்து. ஏஜ் மாறினா சில ரிசோர்ஸ் மேப்லேர்ந்தே காணாமப் போகும், புதுசு முளைக்கும். மலை நகராது. ஆகவே கல்ச்சர் கட்டத்தை மூணு ஏஜுக்கும் சேர்த்துத் திட்டம் போடலாம், சயின்ஸ் கட்டத்தை அப்படி நம்ப முடியாது. வொண்டர் பக்கத்துல வச்சீங்கன்னா ஒவ்வொரு ஏஜ்லயும் அங்க புதுசா கட்டுற ரெண்டு வகைக்கும் அட்ஜசன்சி கிடைக்கும். நல்ல இடத்துல ஒரு வொண்டர் மூணு ஏஜுக்கும் சம்பாதிச்சுக் கொடுக்கும்.

உங்க ரெண்டாவது கேள்விக்கு: என் பார்வையில டிசைன் நல்லது, சொல்லித் தர்றது மோசம். மேல எழுதினதுல பாதிகூட டுடோரியல்ல இல்ல. வெளியான அன்னிக்கு டூல்டிப் இருந்த லட்சணத்துக்கு, ஒரு கட்டத்துல எவ்வளவு அட்ஜசன்சி எதனால வருதுன்னு கண்டுபிடிக்கவே தனித் திறமை வேணும்.

பழையவரைபடம்:

வேல்கம்பு அண்ணன் சொன்னதுல ஒரு வரி தப்பில்ல. ஆனா அண்ணே, நீங்க எழுதினதைத் திரும்பப் படிச்சுப் பாருங்க. அத்தனையும் ‘இழக்காம இருக்கிறது எப்படி’. வீடு காலி பண்ணும்போது எந்தப் பெட்டியில எதைக் கட்டணும்ங்கிற மாதிரி இருக்கு. ஆட்டத்தோட மூணுல ஒரு பங்கு சுவை இதுவான்னு கேட்டா, பலருக்கு இல்ல. அதுக்கு டுடோரியல் மருந்தாகாது.

ஏன் இப்படிப் பண்ணாங்கங்கிறது புரியாம இல்ல. சிவ் 6-ல முதல் நூறு டர்ன்ல முந்தினவன் கடைசிவரைக்கும் முந்துவான். யார் ஜெயிப்பாங்கன்னு பாதியிலயே தெரிஞ்சிடும், மீதி வெறும் ‘நெக்ஸ்ட் டர்ன்’. பெரும்பாலானவங்க ஆட்டத்தை முடிக்கிறதே இல்லன்னு ஆட்டத்தை உருவாக்கின ஃபிராக்ஸிஸே சொன்னாங்க. பிரச்சினை நிஜம். தீர்வுதான் சிக்கல்: முந்தினவனை அடுத்தவன் துரத்திப் பிடிக்க வழி பண்ணாம, நடுவுல விசில் ஊதி எல்லாரையும் கிட்டத்தட்ட ஒரே கோட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. எதிரி தலைநகரை முற்றுகை போட்டிருப்பீங்க, மதில் இடிஞ்சிருக்கும், இன்னும் ரெண்டு டர்ன். வேற யாரோ லெகசி பாத்துல ஒரு படி ஏறுவான், ஏஜ் எவ்வளவு முடிஞ்சதுன்னு காட்டுற பட்டை 100 தொடும். போர் முடிஞ்சது, பாதி கட்டின வொண்டரும் போச்சு. இதுக்கு ‘தயாரிப்பு இல்ல’ன்னு எப்படிச் சொல்றது?

அப்புறம் நாகரிகம் மாறுறது. நம்ம ஊர்க்காரங்களுக்கே உறைக்கிற உதாரணம் சொல்றேன். சோழர் எக்ஸ்ப்ளோரேஷன் ஏஜ்ல மட்டும்தான். கலம்னு தனிக் கப்பல், தஞ்சைப் பெரிய கோயில் வொண்டர், எல்லாம் ஜோர். ஆனா ஆட்டம் கைகாட்டுற வரிசை மௌரியர், சோழர், முகலாயர். அசோகரோட கல்வெட்டே சோழரையும் பாண்டியரையும் தன் எல்லைக்கு அப்பால இருக்கிறவங்கன்னு தனியா பேர் சொல்லுது. அதைக் கொண்டுபோய் மௌரியரோட தொடர்ச்சியா வச்சா வரலாற்று உணர்வு எங்கேர்ந்து வரும்? ஹியூமன்கைண்ட்ங்கிற போட்டி ஆட்டம் 2021-ல இதே மாதிரி கலாசாரம் மாத்தி வச்சு, யார் எந்த நாடுன்னு எதிராளிக்கே மறந்துபோற நிலைமை வந்தது. சிவ் 7-ல தலைவர் முகம் மாறாததால அது கொஞ்சம் பரவாயில்ல, அவ்வளவுதான்.

மாடர்ன் ஏஜ் பற்றி யாரும் சண்டையே போடுறதில்ல, ஏன்னா காப்பாத்த ஆளில்ல. கல்ச்சர் வெற்றின்னா எக்ஸ்ப்ளோரர் அனுப்பி 15 ஆர்ட்டிஃபேக்ட் (தொல்பொருள்) தோண்டு, உலகக் கண்காட்சி கட்டு, முடிஞ்சது. ரயில், ஃபேக்டரின்னு போய் 500 புள்ளி சேர்த்து, பேங்கரை ஊர் ஊரா அனுப்புற பொருளாதார வெற்றி தொடங்குறதுக்குள்ள இது முடிஞ்சுடும். எக்ஸ்ப்ளோரேஷன்ல அலைஞ்சு பரப்பின மதத்துக்கு மாடர்ன்ல வேலையே இல்ல.

நங்கூரம்:

பழையவரைபடம் சொல்ற முற்றுகைக் கதைக்கு ஒரு கணக்கு இருக்கு. பட்டை 70 சதவீதம் வாக்குல க்ரைசிஸ் (ஏஜ் கடைசியில வர்ற நெருக்கடி) தொடங்கும், பாதகமான பாலிசி கார்டு சிலதைக் கட்டாயம் எடுக்கச் சொல்லும். அதைப் போரை மூட்டைகட்டச் சொல்ற மணியா எடுத்துக்குங்க. அதுக்கு மேல புதுப் போர் தொடங்கினா சூதாட்டம்தான். மத்தவங்க படி ஏறினாலும் பட்டை குதிக்கும்ங்கிறதால ‘இன்னும் பத்து டர்ன் இருக்கு’ங்கிற கணக்கு எப்பவும் பொய்.

அதோட, இப்ப ஆடுறவங்க வெளியான 2025 பிப்ரவரி ஆட்டத்தை வச்சு வாதாடக் கூடாது. ஆட்டம் தொடங்குற திரையில அட்வான்ஸ்டு பகுதியைத் திறங்க. ஏஜ் நீளத்தை ‘லாங்’ ஆக்குங்க, க்ரைசிஸ் பிடிக்கலன்னா அணைங்க. ஏஜ் மாற்றத்துக்கு ‘ரீகுரூப்’, ‘கன்டினியூட்டி’ன்னு ரெண்டு வகை 2025 நடுவுல வந்த அப்டேட்ல சேர்த்தாங்க. ரீகுரூப் பழைய முறை, படையை வாரி ஊருக்குள்ள வைக்கும். கன்டினியூட்டி வச்சா யூனிட் நின்ன இடத்துலயே நிக்கும். எல்லையில கமாண்டரை நிறுத்திட்டு ஏஜ் தாண்டினா புது ஏஜ்ல அங்கேர்ந்தே தொடங்கலாம். கோபத்துல பாதியை இந்த ஒரு பட்டன் தணிக்கும். மாடர்ன் முடிஞ்சும் தொடர்ந்து ஆடுற ‘ஒன் மோர் டர்ன்’ 2025 ஏப்ரல்லயே வந்தது. அது இல்லாம ஒரு சிவ் எப்படி வெளிய வந்ததுங்கிறது எனக்கும் புரியாத புதிர்தான். ஒரே நாகரிகத்தோட கடைசிவரை போற முறையைச் சோதிக்கிறதா 2025 நவம்பர்ல அறிவிச்சாங்க. வந்தா சோழர் சண்டையும் பாதி தீரும்.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு: செட்டில்மென்ட் லிமிட்டை (எத்தனை ஊர் வச்சுக்கலாம்ங்கிற வரம்பை) மீறுறதைப் பார்த்து நடுங்காதீங்க. ஒவ்வொரு கூடுதல் ஊருக்கும் எல்லா ஊர்லயும் 5 ஹேப்பினஸ் குறையும், அதுவும் 35-க்கு மேல குறையாது. ஒண்ணு ரெண்டு மீறுறது பெரும்பாலும் தாங்கும். ஏஜ் முடியுற நேரத்துல எதிரி ஊர் ரெண்டைப் பிடிச்சு லிமிட் மீறினாலும் லாபம்தான்: ஆன்டிக்விட்டி ராணுவ லெகசி பாத்துல வேண்டியது 12 புள்ளி, பிடிச்ச ஊருக்கு ரெண்டு புள்ளி, நாமளா அமைச்சதுக்கு ஒண்ணு.

ஆறுகோணம்:

கன்டினியூட்டி விவரம் உபயோகம், நன்றி. ஒரு துணைக்கேள்வி. எக்ஸ்ப்ளோரேஷன்ல ட்ரெஷர் ஃப்ளீட் (தூர தேசத்துச் சரக்கை ஏத்தி வர்ற கப்பல்) வர மாட்டேங்குது. கடல் தாண்டி டிஸ்டன்ட் லேண்ட்ஸ்ல ஊர் இருக்கு, அங்க மசாலாவும் சர்க்கரையும் இருக்கு, இம்ப்ரூவ்மென்டும் போட்டாச்சு. கப்பல்தான் காணோம். இதுவும் சொல்லித் தராத கோளாறு கணக்குலயா?

நங்கூரம்:

அதே கணக்குதான். மூணு விஷயம் பாருங்க. ஷிப்பில்டிங் டெக் முடிஞ்சிருக்கணும். கார்ட்டோகிராஃபி மட்டும் இருந்தா கப்பல் அடி வாங்கிட்டே ஆழ்கடலைத் தாண்டும், ட்ரெஷர் ஃப்ளீட் வராது. அந்த ஊர்லயே ஃபிஷிங் கீ (மீன்பிடித் துறை) கட்டியிருக்கணும். டவுன்ங்கிறதால உற்பத்தியில கட்ட முடியாது, தங்கம் கொடுத்து வாங்கணும். அதனால செட்லரை அனுப்பும்போதே அந்தக் காசை ஒதுக்கி வைங்க. மூணாவது, மசாலாவுக்குப் பக்கத்துலன்னு கரையிலேர்ந்து உள்ள தள்ளி ஊர் அமைச்சிருந்தா ஃபிஷிங் கீ கட்டவே இடம் இருக்காது. ரிசோர்ஸ் ஒண்ணு குறைஞ்சாலும் கடலைத் தொடுற கட்டத்துலதான் ஊர் வைக்கணும்.

கப்பல் வந்த பிறகு அது தானா வீடு திரும்பாது. நீங்கதான் ஓட்டிட்டு வந்து சொந்தக் கண்டத்துல உங்க ஊர்ல இறக்கணும். நடுவழியில யார்கூடவாவது போர் மூண்டா பறிபோகும். எக்ஸ்ப்ளோரேஷன் பொருளாதார லெகசி பாத்துக்கு 30 புள்ளி வேணும்ங்கிறதால நிறைய பேர் கடைசியில அவசரமா ரெண்டு ஊர் கூடுதலா போடுவாங்க. பயன் இல்ல, ஃப்ளீட் சில டர்னுக்கு ஒருதரம்தான் உருவாகும். முன்கூட்டிப் போட்ட மூணு ஊர், பின்னாடி போட்ட ஆறு ஊரைவிட அதிகம் கொடுக்கும்.

பழையவரைபடம்:

பாருங்க, ஒரு கப்பல் வர வைக்க எத்தனை நிபந்தனை. ஆனா இது மட்டும் எனக்கும் பிடிச்ச பகுதிதான், ஒத்துக்கிறேன். சரக்கோட வர்ற ஃப்ளீட்டைப் பக்கத்து நாட்டுக்காரன் கண்ணு படாம சுத்துவழியில கொண்டு வர்றதுல பழைய சிவ் எதுலயும் இல்லாத படபடப்பு இருக்கு. ஒரு திருத்தம்: சொந்தக் கரையில எந்தத் துறைமுக ஊர் கிட்டக்கயோ அங்க இறக்கினா போதும், தலைநகர்வரை இழுத்துட்டுப் போக வேண்டாம். டிஸ்டன்ட் லேண்ட்ஸ் பக்கம் பார்த்த கரையில ஒரு சின்ன டவுன் வச்சுட்டா பாதிப் பயணம் மிச்சம்.

வேல்கம்பு:

அந்த டவுனை ஏஜ் தொடங்கும்போதே வைங்க. ஆன்டிக்விட்டியில லிமிட் காலியா இருந்தா அப்பவே.