ஓடாத யமஹா 9.9 அவுட்போர்டு, 28,000 கேட்கிறார்: எவ்வளவு வரை போகலாம்?

கழிமுகம்_படகு:
வணக்கம். எண்ணூர் பக்கம் ஓட்டுற சின்ன ஃபைபர் படகுக்குப் பழைய மோட்டார் தேடுறேன். காசிமேட்டில் ஒருத்தர்கிட்ட யமஹா 9.9 ஹெச்பி அவுட்போர்டு (படகோட பின்பலகையில் மாட்டுற மோட்டார்) இருக்கு. டூ ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர், கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ற மாடல், பெட்ரோல் வகை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் ஓட்டவே இல்லையாம். "கார்புரேட்டர் கழுவினா ஓடிடும்" என்கிறார். கேட்கிற விலை 28,000. இதே மாடல் ஓடுற நிலையில் 60,000 என்று பக்கத்திலேயே ரெண்டு பேர் சொன்னாங்க. கவரைத் தூக்கிப் பார்த்ததில் உடைசல் எதுவும் தெரியல. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போறேன். என்னென்ன பார்க்கணும், எந்த விலையில் நிறுத்திக்கணும்?

லேத்_பட்டறை:
தம்பி, போன உடனே கயிற்றை இழுக்காதீங்க. ரொம்ப நாள் நின்ன மோட்டாரில் சிலிண்டர் சுவரில் மெல்லிய துரு படிஞ்சிருக்கும். காய்ஞ்ச பிஸ்டன் ரிங்கை அது மேல இழுத்தா போரில் (சிலிண்டர் உள்சுவரில்) கோடு விழும். சும்மா பார்க்கப் போய் நீங்களே சேதம் பண்ணிடுவீங்க.

முதல்ல 21 ஸ்பேனர் போட்டு ரெண்டு பிளக்கையும் கழட்டுங்க. டார்ச் அடிச்சு உள்ளே பாருங்க. பிஸ்டன் தலையில் கரி இருந்தா பயமில்லை, செங்காவி நிறத்தில் துரு தெரிஞ்சா அங்கேயே விலையைக் குறைக்கணும். ஒவ்வொரு துளையிலும் ஒரு ஸ்பூன் டூ-டி ஆயில் விட்டுப் பத்து நிமிஷம் காத்திருங்க. அப்புறம் ஃப்ளைவீலை (மோட்டார் உச்சியில் இருக்கிற கனமான சக்கரம்) கையால் மேலிருந்து பார்க்க வலஞ்சுழியா சுத்துங்க. எதிர்ப்பக்கம் சுத்தவே கூடாது, கீழே வாட்டர் பம்ப் இம்பெல்லரோட (குளிர்விக்கத் தண்ணி ஏத்துற ரப்பர் சக்கரம்) இறக்கை மடங்கி வெடிச்சிடும்.

சுத்தலைன்னா உடனே "பிஸ்டன் ஜாம்" என்று முடிவு கட்ட வேண்டாம். கிராங்கும் (பிஸ்டன்கள் சுத்த வைக்கிற தண்டு) கீழே கியர் பெட்டிக்கு இறங்குற டிரைவ் ஷாஃப்டும் நேரா கோத்திருக்கும், நியூட்ரல்ல போட்டாலும் ஷாஃப்ட் சுத்தியே ஆகணும். அதனால் கியர் பெட்டியிலோ வாட்டர் பம்ப்பிலோ இறுகிப்போயிருந்தாலும் மேலே ஃப்ளைவீல் அசையாது. கியர் பெட்டியை இறக்கிட்டுத் திரும்பச் சுத்திப் பார்த்தா எது பிடிச்சிருக்குன்னு தெளிவாயிடும். இறக்க விற்பவர் சம்மதிக்கலைன்னா, ஜாம் ஆன மோட்டாரை உதிரி பாகமா மட்டும் மதிப்பு போடுங்க.

சுத்துச்சுன்னா மெதுவா ரெண்டு முழுச் சுத்து சுத்தி விரலில் என்ன உணர்றீங்கன்னு கவனிங்க. மணல் அரைக்கிற மாதிரி நறநறன்னு இருந்தா கிராங்க் பேரிங்கில் துருப்புள்ளி. ஃப்ளைவீலைப் பக்கவாட்டில் பிடிச்சு ஆட்டிப் பாருங்க, ஆட்டம் இருந்தாலும் அதே கதைதான். கிராங்க் போன மோட்டாருக்கு 28,000 என்ன, அதில் பாதி கூடக் கொடுக்க வேண்டாம்.

லேத்_பட்டறை:
கம்ப்ரஷன் (பிஸ்டன் சிலிண்டருக்குள்ள காத்தை அமுக்குற அழுத்தம்) பத்தித் தனியா சொல்றேன். பிளக் மரை 14 மிமீ. பைக் மெக்கானிக்கிட்ட கேஜ் கடன் வாங்குறப்ப 14 அடாப்டர் இருக்கான்னு கேட்டு வாங்குங்க, 10-ம் 12-ம் மட்டும் வச்சிருப்பாங்க. ரெண்டு பிளக்கும் வெளியே, பிளக் வயரை பாடியில் எர்த் பண்ணிட்டு, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வச்சுட்டு அஞ்சு இழுப்பு. த்ராட்டில் மூடியிருந்தா காத்து உள்ளே போகாம எண் பொய்யாக் குறையும், பாதி பேர் இங்கேதான் தப்பு பண்றாங்க. ரெண்டும் 90 பிஎஸ்ஐக்கு மேல, ஒண்ணுக்கொண்ணு பத்து சதவீதத்துக்குள்ள இருந்தா சந்தோஷம். ஒண்ணு குறைஞ்சா அதில் மட்டும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்க. எண் ஏறினா ரிங் அல்லது போர். ஏறலைன்னா ஹெட் கேஸ்கெட் அல்லது பிஸ்டனில் ஓட்டை. (கெரசின் வகை மோட்டாருக்கு இந்த எண்ணை வச்சுப் பார்க்காதீங்க, அதில் கம்ப்ரஷனைக் குறைச்சுத்தான் வச்சிருப்பாங்க.)

சிடிஐ_காயில்:
ஸ்பார்க் பார்க்கிறதுக்கு முன்னாடி ஸ்டாப் சுவிட்சுல மாட்டுற கயிறு கிளிப் இருக்கான்னு பாருங்க. பழைய மோட்டாரில் அது தொலைஞ்சிருக்கும். கிளிப் இல்லாம எவ்வளவு இழுத்தாலும் பொறி வராது, அதைப் பார்த்துட்டு "சிடிஐ (பொறியைக் கட்டுப்படுத்துற மின்னணுப் பெட்டி) போச்சு" என்று விலை பேசுறவங்க உண்டு. உப்பு ஏறி சுவிட்சே உள்ளுக்குள்ள ஷார்ட் ஆகியும் இருக்கலாம். ஸ்டாப் சுவிட்சுக்குப் போற வெள்ளை வயரைக் கனெக்டரில் பிரிச்சு வச்சுட்டு இழுத்துப் பாருங்க. அப்போ பொறி வந்தா கெட்டது சுவிட்ச் மட்டும்தான், சின்னச் செலவு. அப்பவும் வரலைன்னா ஃப்ளைவீலுக்கு அடியில் இருக்கிற சார்ஜ் காயில், பல்சர் காயில், இல்ல சிடிஐ. இந்த மூணில் எதுன்னு மீட்டர் வச்சுத்தான் சொல்ல முடியும். அங்க நின்னு கண்டுபிடிக்க நேரம் இருக்காது, அதனால மூணில் விலை அதிகமானதைக் கழிச்சுக்கோங்க.

பிளக்கைப் பாடியில் தொட்டுப் பார்க்கிறதை விட ஸ்பார்க் டெஸ்டர் நல்லது. 9 மிமீ இடைவெளியைத் தாண்டி நீலமா அடிச்சா இக்னிஷன் நல்லா இருக்கு. மஞ்சளா, விட்டு விட்டு வந்தா பலவீனம்.

முகத்துவாரம்:
விலையைத் தீர்மானிக்கப் போற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: இந்த மோட்டார் தண்ணிக்குள்ள போச்சா? புயலுக்கு அப்புறம் ஓடலைன்னு சொன்னதுமே எனக்கு அந்தச் சந்தேகம். கடல் தண்ணி உள்ளே போய், அன்னைக்கே வெளியே எடுத்து நல்ல தண்ணியில் கழுவி, ஆயில் ஊத்திச் சுத்தி விட்டிருந்தா பிழைச்சிருக்கும். அப்படியே கரையில் போட்டிருந்தா பேரிங் தப்பாது. விற்பவர்கிட்ட கேட்டா "இல்லை" என்றுதான் பதில் வரும், மோட்டார்கிட்டயே கேளுங்க.

கார்புரேட்டர் கிண்ணத்துக்கு அடியில் இருக்கிற டிரெய்ன் திருகைக் கழட்டுங்க. பழைய பெட்ரோல் மட்டும் போட்டு வச்சதுன்னா பழுப்பா பிசின் மாதிரி வரும். வெள்ளைத் தூள் அல்லது பச்சைக் களிம்பு ஒட்டியிருந்தா உப்புத் தண்ணி வந்து போயிருக்கு. வயர் கனெக்டர்களை ஒண்ணு ரெண்டு பிரிச்சுப் பாருங்க, உள்ளே பச்சை பூத்திருக்கும். கீழ்க் கவர் மூலைகளில் சேறு படிஞ்சிருக்கும், வெளியே துடைச்சவங்க அங்கே கை விட மாட்டாங்க. ஹெட் மேல பெயின்ட் கொப்பளிச்சோ நிறம் மாறியோ இருந்தா அது வேற விஷயம்: கூலிங் அடைச்சு சூடேறின மோட்டார்.

எண்ணூர் கழிமுகத்தில் ஓடியதுன்னா வாட்டர் பம்ப் கண்டிப்பாத் தேய்ஞ்சிருக்கும். கொசஸ்தலை ஆற்றில் கலந்து வர்ற அனல்மின் நிலையச் சாம்பல் நைஸ் மணல் மாதிரி. இம்பெல்லரை மட்டுமில்ல, அது சுத்துற எஃகுக் கிண்ணத்தையே கோடு போட்டுடும். இம்பெல்லர் மட்டும் மாத்தினா நிக்காது, முழு கிட் கணக்கில் வைங்க. நீங்களும் அதே தண்ணியில்தான் ஓட்டப் போறீங்க என்றதால வருஷாவருஷம் இது செலவு.

கியர் பெட்டி: மோட்டார் ராத்திரி முழுக்க நிமிர்ந்து நின்னிருக்கணும், அதை முன்கூட்டியே சொல்லிடுங்க. மேல் திருகைத் தொடாம கீழ்த் திருகை மட்டும் மெல்லத் தளர்த்தணும். முதல்ல தண்ணி சொட்டினாலோ, ஆயில் மோர் மாதிரி வந்தாலோ சீல் போச்சு. திருகு முனையில் இரும்புச் செதில் ஒட்டியிருந்தா கியர் பல்லே போகுது. அப்புறம் ஃபார்வர்டு, நியூட்ரல், ரிவர்ஸ் மூணும் போட்டு, புரொப்பெல்லரைக் கையால் சுத்திப் பாருங்க. ஷாஃப்ட் வளைஞ்சிருந்தா நடுப்பகுதி ஆடும்.

துறைமுகம்_43:
ரெண்டு விஷயம் யாரும் சொல்லல. ஒண்ணு, ஷாஃப்ட் நீளம். மாடல் எழுத்தில் கடைசியில் எஸ் இருந்தா 15 அங்குலம், எல் இருந்தா 20. படகோட பின்பலகையை அளந்துட்டுப் போங்க. புரொப்பெல்லருக்கு மேல இருக்கிற தட்டு, படகு அடிமட்டத்துக்குச் சமமாவோ ஒரு அங்குலம் கீழேயோ வரணும். அளவு ஒத்துவராத மோட்டார் பாதி விலைக்குக் கிடைச்சாலும் உங்களுக்கு உபயோகமில்லை.

இன்னொண்ணு, காகிதம். கிளாம்ப் பிராக்கெட்டில் இருக்கிற எண் தகட்டைப் போட்டோ எடுத்து பில்லோட ஒத்துப் பாருங்க. தகடு சுரண்டியிருந்தா இலவசமாக் கொடுத்தாலும் வேண்டாம். மானியத்தில் வாங்கின மோட்டாரா என்றும் கேளுங்க, அப்படின்னா கைமாத்த முடியுமான்னு மீன்வளத்துறை அலுவலகத்தில் விசாரிச்ச பிறகுதான் முன்பணம்.

கழிமுகம்_படகு:
எல்லாருக்கும் நன்றி. பார்த்துட்டு வந்தேன், முடிவு இது:

ஃப்ளைவீல் சுத்துது, நறநற இல்லை, ஆட்டமும் இல்லை. கம்ப்ரஷன் மேல் சிலிண்டர் 98, கீழ் சிலிண்டர் 62. கீழே ஆயில் விட்டதும் 84 வந்தது. கிளிப் போட்டும் ஸ்பார்க் இல்லை, வெள்ளை வயரைப் பிரிச்சதும் ரெண்டிலும் நல்ல பொறி. கார்புரேட்டர் கிண்ணத்தில் வெள்ளைத் தூள் இருக்கு. கியர் ஆயில் மோர்தான், செதில் இல்லை, கியர் மூணும் விழுது. ஷாஃப்ட் 20, என் படகுக்குச் சரி. பில் இருக்கு, எண் ஒத்துப்போகுது, மானியம் இல்லை.

மண்ணடியில் விலை கேட்டேன்: ரெண்டு பிஸ்டன், ரிங், கேஸ்கெட் செட் 13,500. வாட்டர் பம்ப் கிட், கியர் பெட்டி சீல் 4,500. கார்புரேட்டர் கிட், சுவிட்ச் 2,000. போர் பண்றதும் மெக்கானிக் கூலியும் சேர்த்து 8,000.

லேத்_பட்டறை:
நல்லா பார்த்திருக்கீங்க. கீழ் சிலிண்டர் 62-லிருந்து 84-க்கு ஏறினதால் ரிங் அல்லது போர். தண்ணி உள்ளே போனா கீழ் சிலிண்டரில்தான் தேங்கும், கிண்ணத்தில் உப்பும் இருக்கு. மூழ்கின மோட்டார் என்றே வைங்க. பேரிங் கையில் நல்லாத் தெரிஞ்சாலும் பிளாக்கைப் பிரிச்சப்புறம்தான் முழு உண்மை.

கணக்கு: உங்க செலவு 28,000. ஓடுற விலை 60,000-ல் கழிச்சா 32,000. இதில் ரெண்டு ஆபத்தைக் கழிக்கணும். ஒண்ணு பேரிங். இன்னொண்ணு, எல்லாரும் மறக்கிறது, எக்ஸாஸ்ட் கவரோட 6 மிமீ போல்ட்டுகள். அலுமினியத்துக்குள்ள உப்பு ஏறி இறுகினா தலை அறுந்துடும், துளை போட்டு புது மரை வைக்க லேத் கூலி தனி. இந்த ரெண்டுக்கும் 12,000 ஒதுக்குங்க. மீதி 20,000. உங்க அலைச்சலுக்கும், இதைவிட ஓடுற மோட்டாரை நேரா வாங்கியிருக்கலாமே என்ற கேள்விக்கும் 7,000 கழியட்டும். 13,000-க்கு மேல் போகாதீங்க. 10,000-ல் பேச ஆரம்பிங்க.

முகத்துவாரம்:
நான் கொஞ்சம் மாறுபடுறேன் அண்ணே. 60,000-க்கு விற்கிற மோட்டாரும் எந்தப் போரில் இருக்குன்னு யாருக்கும் தெரியாது. இது புது பிஸ்டனோட வரும். அதனால் 15,000 வரை போகலாம், ஒரே நிபந்தனை: ஓவர்சைஸ் (சிலிண்டரைக் கடைஞ்சு பெரிசாக்கிப் போடுற பெரிய அளவு பிஸ்டன்) ஏற்கெனவே முடிஞ்சு போயிருக்கக் கூடாது. இந்த மாடலில் போர் 56 மிமீ. 0.25, 0.50 ரெண்டு ஓவர்சைஸ்தான் பிஸ்டன் வரும். பிளக் துளை வழியா டார்ச் அடிச்சா பிஸ்டன் தலையில் எண் பொறிச்சிருக்கிறது சில சமயம் தெரியும். 50 என்று இருந்தா இன்னொரு தடவை கடைய இடமில்லை, லைனர் (சிலிண்டருக்குள்ள புது உறை) போடணும். அப்போ பட்டறை அண்ணன் சொன்ன 13,000 கூட அதிகம்.

லேத்_பட்டறை:
அது சரி, ஒத்துக்கிறேன். கரி சுரண்டாம எண் தெரியாது, பிளக் துளையில் நீளமான மூங்கில் குச்சி விட்டு மெல்லச் சுரண்டுங்க, இரும்பு வேண்டாம்.

கழிமுகம்_படகு:
எண் 025. 14,000-க்கு முடிஞ்சது. நாளைக்கு எடுக்கிறேன். வந்ததும் முதல்ல என்ன பண்ணணும்?

லேத்_பட்டறை:
எடுத்த அன்னைக்கே ரெண்டு சிலிண்டரிலும் ஆயில் விட்டு, கையால் பத்து சுத்து சுத்தி, பிளக் மாட்டி மூடிடுங்க. எக்ஸாஸ்ட் கவர், தெர்மோஸ்டாட் கவர் போல்ட்டுகளில் துரு நீக்கும் ஸ்ப்ரே அடிச்சு மூணு நாள் விடுங்க, தினம் ரெண்டு தடவை. அப்புறம் சூடு காட்டி, முதல்ல கொஞ்சம் இறுக்கி, பிறகு தளர்த்தணும். வராத போல்ட்டோட சண்டை போடாதீங்க, நாலாவது நாள் வரும்.

போர் பண்ணும்போது லேத்காரர்கிட்ட பிஸ்டனைக் கையில் கொடுத்து அளந்து போடச் சொல்லுங்க, பெட்டி மேல இருக்கிற அளவை நம்ப வேண்டாம். கியர் பெட்டியில் எஸ்ஏஇ 90 கியர் ஆயில், கீழ்த் துளையிலிருந்து மேலே ஏத்தணும், மேல் துளையில் வழியுற வரைக்கும். முதல் 10 மணி நேரம் பெட்ரோல்-ஆயில் கலவை 25-க்கு 1: 10 லிட்டர் பெட்ரோலுக்கு 400 மில்லி ஆயில், முழு த்ராட்டில் கூடாது. அப்புறம் 200 மில்லி போதும். முதல் ஸ்டார்ட்டில் பின்னாடி தண்ணி பீய்ச்சலைன்னா அரை நிமிஷம் கூட விடாம நிறுத்திடுங்க.