குடல் செல்கள் மேலே நகர்வதைக் காட்டும் வீடியோ வேண்டும்

வணக்கம். பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சிறுகுடல் பாடம் எடுக்கிறேன். குடலின் உட்சுவரில் விரல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் அடியிலுள்ள குழிகளில் (crypt) ஸ்டெம் செல்கள் பிரிகின்றன. புதுச் செல்கள் மேலேறி, 3 முதல் 5 நாட்களில் நுனியிலிருந்து உதிர்கின்றன. கிருமிகளை எதிர்க்கும் பொருட்களைச் சுரக்கும் பானெத் செல்கள் மட்டும் எதிர்த்திசையில் இறங்கி, அடியிலேயே வாரக்கணக்கில் தங்கிவிடுகின்றன. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது.

சரி, சிக்கலுக்கு வருகிறேன். கீழே பிரியும் செல்கள் தள்ளுவதால்தான் மேலுள்ளவை நகர்கின்றன என்றே இத்தனை நாளும் சொல்லிவந்தேன். ஆனால் 2019இல் சுண்டெலிக் குடலில் நடந்த ஆய்வு, உறிஞ்சியின் மேலுள்ள செல்கள் ஆக்டின் என்ற புரத இழைகளின் துணையோடு தாமே ஊர்கின்றன என்று காட்டியது. செல் பிரிதலைத் தடுத்தபோதும் நகர்வு தொடர்ந்தது!

தள்ளுதல் எங்கே முடிகிறது, ஊர்தல் எங்கே தொடங்குகிறது என்று காட்டும் வீடியோவோ படமோ யாரிடமாவது இருக்கிறதா? அப்புறம், அந்தக் குழிக்குப் பொருத்தமான தமிழ்ச் சொல் தெரிந்தாலும் சொல்லுங்கள். திங்கட்கிழமை வகுப்பு.