புதுப்பிப்பு: யு.எஸ்.டி.ஏ. கிராமப்புற வீட்டுக் கடன், வருமானக் கணக்கு

அமெரிக்கக் கிராமப்புறப் பகுதிகளில் முன்பணம் இல்லாமல் வீடு வாங்க உதவும் யு.எஸ்.டி.ஏ. (அமெரிக்க வேளாண்மைத் துறை) உத்தரவாதக் கடன் (பிரிவு 502; வங்கி கடன் தரும், யு.எஸ்.டி.ஏ. அதற்கு உத்தரவாதம் தரும்) பற்றி முன்பு எழுதியதன் தொடர்ச்சி இது.

பலர் தடுக்கி விழும் இடம் வருமானம்தான். தகுதிக்கு வீட்டில் வசிக்கும் பெரியவர்கள் எல்லோருடைய வருமானமும் சேரும். கடனில் கையெழுத்துப் போடாத மாமியாரின் ஓய்வூதியமும் அதில் வரும். மொத்தம் அப்பகுதியின் இடைநிலை வருமானத்தில் 115 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் 12 வயது வரையிலான பிள்ளைகளின் பராமரிப்புச் செலவைக் கழிக்கலாம். வரம்பை ஒட்டி நிற்பவர்கள் அந்த ரசீதுகளைத் தயவுசெய்து பத்திரமாக வையுங்கள். தவணை கட்டும் திறனைப் பார்க்கும்போது கையெழுத்திடுபவர்களின் வருமானம் மட்டுமே கணக்கு. இவை இரண்டும் தனித்தனிக் கணக்குகள்.

கட்டணம்: 2,00,000 டாலர் கடனுக்கு 1 சதவீத உத்தரவாதக் கட்டணம் சுமார் 2,000 டாலர், அதைக் கடனோடு சேர்த்துவிடலாம். ஆண்டுக் கட்டணம் 0.35 சதவீதம். முதல் ஆண்டில் மாதம் 59 டாலர் அளவுக்குத் தவணையோடு கூடும்.

வங்கி ஒப்புக்கொண்டாலே வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். கோப்பு யு.எஸ்.டி.ஏ.வுக்குப் போய் நிபந்தனை ஒப்புதல் வர வேண்டும். ஒப்பந்தத்தில் பத்திரப்பதிவுத் தேதி குறிக்கும்போதே அதற்கும் நாள் விடுங்கள். சொந்தக் கிணறு உள்ள வீடென்றால் தண்ணீர்ப் பரிசோதனையை முதலிலேயே முடியுங்கள்.

எச்1பி விசாவில் இருப்பவர்களுக்கு இக்கடன் கிடையாது. கிரீன் கார்டு உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம்.