ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினியரிங் புக்கு எல்லாம் புதுசாவே வாங்கணுமா? நாகர்கோவில் பக்கம் உள்ளவங்க சொல்லுங்க

குலசேகரத்துக்காரன்:
எனக்க தங்கச்சிக்கு இந்த வருசம் நாகர்கோவில் பக்கத்துல ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல சீட்டு கெடச்சிருக்கு, அண்ணா யூனிவர்சிட்டி சிலபஸ்தான். கிளாஸ் தொடங்கினதும் ஒரு லிஸ்ட் குடுத்து விட்டிருக்காங்க, மேத்ஸ் பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி பைத்தான் புரோகிராமிங், போர்டு வச்சு படம் வரையுற இன்ஜினியரிங் கிராபிக்ஸ்னு ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மூணு புக்கு, கடையில கேட்டா எல்லாம் சேத்து அஞ்சாயிரத்த தாண்டும்போல இருக்கு. அப்பாக்கு ரப்பர் பால்வெட்டு, இந்த மழையில வெட்டும் ஒழுங்கா நடக்கல, பீஸ் கெட்டினதுலயே கையில இருந்தது தீந்தாச்சு. இவ என்னடான்னா கூட உள்ள பிள்ளைகள் எல்லாம் வாங்கியாச்சுன்னு மூஞ்சிய தூக்கி வச்சிருக்கா. எது கண்டிப்பா வாங்கணும், எத விட்ரலாம், பழைய புக்கு எங்க கெடைக்கும்?

ஃபைனல்இயர்_மெக்கானிக்கல்:
அண்ணா லிஸ்ட்ட பாத்து பயப்படாதீங்க. யூனிவர்சிட்டி சிலபஸ்ஸ டவுன்லோடு பண்ணி பாருங்க, டெக்ஸ்ட் புக்குன்னு தனியா ரெஃபரன்ஸ்னு தனியா போட்டிருக்கும், காலேஜ்ல ரெண்டையும் சேத்து எழுதி விட்டிருப்பாங்க. ரெஃபரன்ஸ் எதையும் காசு குடுத்து வாங்காதீங்க. டெக்ஸ்ட் புக்கையும் இப்பமே வாங்காண்டாம், கொஞ்சநாள் போகட்டு, சாரும் மேடமும் கிளாஸ்ல எந்த புக்க தொறக்குறாங்கன்னு பாத்துட்டு அத மட்டும் வாங்குங்க. கணக்குக்கு ஒண்ணு, கிராபிக்ஸுக்கு ஒண்ணு கையில இருந்தாதான் போட்டு பழக முடியும். பிசிக்ஸ் கெமிஸ்ட்ரிக்கு நோட்ஸும் லைப்ரரியும் போரும். பைத்தானுக்கு புக்கு வாங்குறது தண்டச்செலவு, அதுக்க சொந்த சைட்லயே டுடோரியல் ஃப்ரீயா கெடக்கு.

பழைய புக்கு வாங்கும்போ ஒண்ண கவனிக்கணும். பெரிய பப்ளிஷர் புக்குல எடிஷன் மாறினா தியரி பெருசா மாறாது, பயிற்சி கணக்குக்க நம்பர்தான் இடம் மாறும். லைப்ரரியில புது எடிஷன் இருக்கும், ஒவ்வொரு சாப்டருக்கும் கடைசியில உள்ள அந்த பயிற்சி பக்கத்த மட்டும் போன்ல போட்டோ எடுத்துட்டு பழைய புக்குல பென்சிலால புது நம்பர எழுதி வச்சா முடிஞ்சுது, சார் பன்னெண்டாவது கணக்கு போடுன்னா தேடிட்டு இருக்க வேண்டாம். ஆனா யூனிட் யூனிட்டா கேள்வி பதில் மாதிரி அடிச்சு விக்குற லோக்கல் பப்ளிகேஷன் புக்கு இருக்கே, அது ரெகுலேஷன், அதாவது யூனிவர்சிட்டி சில வருசத்துக்கு ஒருக்க மாத்துற சிலபஸ் செட்டு, மாறினா பழைய பேப்பர் கடையில போடத்தான் ஆகும். அதனால சீனியர்கிட்ட வாங்குறதுக்கு முன்னாடி அவங்க எந்த ரெகுலேஷன்னு கேளுங்க. பின்னாடி உள்ள டேபிள் பக்கங்கள கிழிச்சு எடுத்திருக்காங்களான்னும் பொரட்டி பாருங்க, நெறய பேரு கிழிச்சிருவானுவ.

இன்னொண்ணு, இப்ப தேவைப்படாது, மெக்கானிக்கல்னா பின்னாடி டேட்டா புக்கு, அதாவது டிசைன் கணக்குக்கு வேண்டிய அட்டவணை எல்லாம் உள்ள புக்கு, வாங்க வேண்டி வரும். அது பரீட்சை ஹாலுக்குள்ள கொண்டு போறது. பழசு வாங்கினா உள்ள ஒருத்தனும் ஒண்ணும் கிறுக்கி வைக்காததா பாத்து வாங்கணும், கையால ஃபார்முலா எழுதியிருந்தா காப்பி அடிக்க கொண்டு வந்ததுன்னு மால்பிராக்டிஸ்ல கொண்டு விட்ரும்.

காலேஜ்_லைப்ரரியன்:
மேல தம்பி சொன்னது எல்லாம் சரி. பெற்றோர்கள் கவனிக்காம விடுறது லைப்ரரியில உள்ள புக் பேங்க். எஸ்சி எஸ்டி பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங், மெடிக்கல் மாதிரி படிப்புக்கு அரசாங்க ஸ்கீமே உண்டு, சில காலேஜ்ல மத்த பிள்ளைகளுக்கும் செமஸ்டர் முழுக்க வச்சுக்கிறமாதிரி குடுப்பாங்க. செமஸ்டர் தொடங்கின ஒடனே போய் நிக்கணும், அப்புறமா போனா காலி அலமாரிதான். தங்கச்சி ஆறுல இருந்து பன்னெண்டு வரை அரசுப் பள்ளின்னா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் வரும், காலேஜ் ஆபீஸ்ல கேட்டு விண்ணப்பம் போட்டுருங்க.

தொழில்நுட்பக் கல்விய பாத்துக்கிற மத்திய அமைப்பான ஏஐசிடிஇ-க்க இ-கும்ப் சைட்ல இன்ஜினியரிங் பாடப்புத்தகங்கள் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் ஃப்ரீயா டவுன்லோடு பண்ணலாம். சிலபஸ் அப்படியே பொருந்தாது, ஆனா பன்னெண்டு வரை தமிழ் மீடியத்துல படிச்ச பிள்ளைக்கு பிசிக்ஸ மொதல்ல தமிழ்ல ஒருதரம் வாசிச்சுட்டு பிறகு இங்கிலீஷ்ல வாசிச்சா நல்லா ஏறும், இத நான் கண்ணால பாக்குறேன். ஐஐடி காரங்களுக்க என்பிடெல் வீடியோவும் ஃப்ரீதான், சர்டிபிகேட் பரீட்சைக்குதான் பைசா.

டவுன்லோடு_மன்னன்:
எதுக்கு இவ்ளோ கஷ்டம், டெலிகிராம்ல எல்லா புக்கும் பிடிஎஃப் கெடக்கே

காலேஜ்_லைப்ரரியன்:
அது திருட்டு காப்பி தம்பி. பாடத்துக்கு வேண்டிய பகுதிய ஜெராக்ஸ் எடுக்குறது வேற, 2016ல டெல்லி ஹைகோர்ட்டே மாணவங்களுக்கு பாடத்துக்காக நகல் எடுத்து குடுக்குறது தப்பில்லன்னு சொல்லிச்சு. அதுக்காக 600 பக்கம் புக்க முழுசா ஜெராக்ஸ் போட்டா பக்கத்துக்கு ஒரு ரூபாய்னு வச்சாலும் பைண்டிங்கோட சேத்து சில இந்தியன் எடிஷன் புதுசு வாங்குற காசுக்கு வந்துரும், அதையும் பாக்கணும்ல.

களியக்காவிளை_பார்டர்:
மார்த்தாண்டம் இந்த பக்கம் உள்ளவங்க திருவனந்தபுரம் பாளையத்துலயும் பழைய புக்கு பாக்கலாம், பேரம் பேசினா கொறைப்பாங்க. ஆனா அங்க கேரளாக்காரங்களுக்க டெக்னிக்கல் யூனிவர்சிட்டி சிலபஸ், அதனால கணக்கு பிசிக்ஸ் மாதிரி எல்லாருக்கும் பொதுவான புக்கு மட்டும் எடுங்க. ஒரு புக்குக்காக குலசேகரத்துல இருந்து பஸ் ஏறி வந்தா மிச்சம் பிடிச்சத பஸ்காரன் கொண்டு போயிருவான், வேற சோலி இருக்கும்போ சேத்து பாத்துக்கோங்க.

குலசேகரத்துக்காரன்:
ரொம்ப உபகாரம் எல்லாருக்கும். கணக்கு புக்கு மட்டும் இப்ப வாங்கலாம்னு சொல்லியாச்சு, புதுமைப் பெண்ணுக்கு திங்கக்கிழம ஆபீஸ்ல கேக்க சொல்லியிருக்கேன், அவ அரசுப் பள்ளிதான். கிராபிக்ஸுக்கு போர்டுல மாட்டி கோடு போடுற டிராஃப்டர் ஒண்ணு கேட்டிருக்காங்களே, அதும் பழசு வாங்கலாமா?

ஃபைனல்இயர்_மெக்கானிக்கல்:
தாராளமா வாங்கலாம், ஃபர்ஸ்ட் இயர் முடிஞ்சா பாதிபேரு பரண்ல தூக்கி போட்ருவாங்க. போர்டுல மாட்டி ஒரு கோடு போட்டுட்டு டிராஃப்டருக்க கையி ஆடுதான்னு மட்டும் பாருங்க. எனக்கதே ஒண்ணு கெடக்கு, ஸ்குரூ கொஞ்சம் லூசு, டைட் பண்ணினா சரியாயிரும். உள்ள மெசேஜ் போடுங்க, வடசேரி பஸ்ஸ்டாண்டுல வச்சு தாறேன்.