மறு: மிஸ்ஃபயர் – பொறிதவறலா, எரிதவறலா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இழையை ஆரம்பத்திலிருந்து படித்துவிட்டு எழுதுகிறேன். வாகனப் பழுதுக் கையேட்டில் இரண்டு சொற்களில் மொழிபெயர்ப்பு நின்றுபோயிருக்கிறது: இக்னிஷன் காயில் (ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி வர உயர் மின்னழுத்தம் கொடுக்கும் பாகம்), மிஸ்ஃபயர். முதலாவதில் அதிகம் சண்டை இல்லை, அதைக் கடைசியில் பார்க்கலாம். இழுபறி இரண்டாவதில்தான்.

> மிஸ்ஃபயர் = பொறிதவறல். சுருக்கமாக இருக்கிறது, சொல்லவும் எளிது. இதையே முடிவு செய்துவிடலாமே?

சொல்ல எளிதுதான். ஆனால் எனக்கு இரண்டு தடைகள் உண்டு. சின்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். தீப்பொறியும் பொறி, எஞ்சினும் பொறி. உள்ளெரி பொறி என்றும் பொறியியல் என்றும் எழுதிப் பழகிய மொழியில், பொறிதவறல் என்று படிக்கும் ஐடிஐ மாணவர் எஞ்சினே பழுது என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

பெரிய தடை பொருளில் இருக்கிறது. சிலிண்டருக்குள் போன எரிபொருள்-காற்றுக் கலவை எரியாமலோ அரைகுறையாக எரிந்தோ வெளியே போவதுதான் மிஸ்ஃபயர். பொறி வராதது அதற்கு ஒரு காரணம், அவ்வளவே. எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் அடைத்துக்கொண்டாலும் மிஸ்ஃபயர் வரும். வால்வு சரியாக மூடாமல் அழுத்தம் குறைந்தாலும், எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக் பக்கம் எங்காவது காற்று கசிந்தாலும் வரும். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அதிலும் மிஸ்ஃபயர் உண்டு. டீசல் பிரிவுக்கு வரும்போது "பொறிதவறல்" என்று எப்படி எழுதப்போகிறோம்?

வண்டியின் கணினிக்கும் பொறி வந்ததா இல்லையா என்பது பெரும்பாலும் நேரடியாகத் தெரியாது. அது பார்ப்பது கிராங்கின், அதாவது பிஸ்டன்கள் தள்ளிச் சுழற்றும் தண்டின், வேகத்தை. நான்கு சிலிண்டர், நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் 180 பாகை திரும்புவதற்குள் ஏதோ ஒரு சிலிண்டர் எரிந்து அதைத் தள்ளிவிட வேண்டும். கிராங்கோடு சுற்றும் பல்சக்கரத்தின் (பல வண்டிகளில் 60 பல்லுக்கான இடத்தில் இரண்டை விட்டு 58 பல் இருக்கும்) ஒவ்வொரு பல்லும் சென்சாரைக் கடக்கும் நேரத்தைக் கணினி அளந்துகொண்டே இருக்கிறது. ஒரு தள்ளல் விடுபட்டால் அந்த இடத்தில் கிராங்க் துளி தாமதிக்கும். அது யாருடைய முறை என்று கணக்குப் பார்த்து, மூன்றாம் சிலிண்டர் என்றால் பி0303 என்ற கோளாறு எண்ணைப் பதிந்துவைக்கும். குண்டும் குழியுமான ரோட்டில் சக்கரத்திலிருந்து ஏறிவரும் அதிர்வும் இந்தக் கணக்கைக் குழப்பக்கூடியது என்பது இன்னொரு தலைவலி.

ஆக, பி0303 என்றால் "மூன்றாம் சிலிண்டரில் எரிதல் தவறியது" என்றுதான் அர்த்தம். காயிலைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. காயிலின் மின்சுற்றில் கோளாறு தெரிந்தால் அதற்கு பி0351-இல் தொடங்கும் வரிசை தனியாக இருக்கிறது. இரண்டுக்கும் பொறியை வைத்தே பெயர் வைத்தால் கையேட்டின் கோளாறு எண் அட்டவணையே குழம்பிப்போகும். படிப்பவரும் பானட்டைத் திறக்கும் முன்பே காயில் வாங்க ஆள் அனுப்பிவிடுவார்.

இது ஏட்டுக் கவலை இல்லை. அண்மையில் எங்கள் பட்டறைக்கு ஒரு மூன்று சிலிண்டர் கார் வந்தது. சேலத்துக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. ஏற்காடு மலையில் கொண்டை ஊசி வளைவு தாண்டி மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் உதறுகிறது, எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னுகிறது. வேறோர் இடத்தில் ஏற்கெனவே இன்ஜெக்டர் கழுவி, பெட்ரோல் டேங்கையும் சுத்தம் செய்து, அதற்கெல்லாம் பணமும் வாங்கியிருந்தார்கள். ஸ்கேனர் போட்டால் பி0303.

மலையேறும்போது மட்டும் ஏன்? மிதிக்க மிதிக்க சிலிண்டருக்குள் அதிகக் காற்று போகிறது, அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட மின்னழுத்தமும் கூடுதலாக வேண்டும். காயிலின் காப்பு (மின்சாரம் வெளியே கசியாமல் தடுக்கும் பகுதி) எங்கேயாவது பலவீனமாக இருந்தால், மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டாமல் காப்பைத் துளைத்துக்கொண்டு எஞ்சினின் உலோகத்துக்குப் போய்விடும். சமதளத்தில் தேவை குறைவு என்பதால் அதே காயில் சமாளித்துவிடுகிறது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, அல்லது மழையில் நனைந்த பிறகு மட்டும் மிஸ் ஆகும் வண்டிகளிலும் காயில் மேல் சந்தேகம் வருவது இதனால்தான்.

மூன்றாம் சிலிண்டரின் காயிலை முதல் சிலிண்டருக்கும், அதனுடையதை இதற்கும் மாற்றிப் போட்டோம். பதிந்திருந்த எண்ணை அழித்துவிட்டு மறுபடி மலைக்கு விட்டோம். இப்போது பி0301. கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது. கழற்றிப் பார்த்தால் பிளக்கை மூடும் ரப்பர் குழாயின் உட்புறம், மேலிருந்து கீழாக ஒரு சாம்பல் நிறக் கோடு. பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் அதற்கு நேராகப் பென்சிலால் கீறியது போல ஒரு கரிக்கோடு. மின்சாரம் குறுக்கு வழியில் போன தடம் அது. பிளக் குழிக்குள் லேசாக ஆயில் கசிவும் இருந்தது. வால்வு மூடியின் சீல் போனதால் இறங்கிய ஆயில். ரப்பரைக் கெடுத்தது அதுதான். காயில், பிளக்குகள், சீல் மூன்றையும் மாற்றி அனுப்பினோம். பழைய பிளக்கை விட்டுவைத்தால் தேய்ந்து அகன்ற இடைவெளி புதுக் காயிலையும் கூடுதலாக உழைக்கவைத்துக் கெடுக்கும்.

எண் இடம் மாறாமல் பி0303-லேயே நின்றிருந்தால்? அடுத்து பிளக்கை மாற்றிப் போட்டிருப்போம், பிறகு இன்ஜெக்டர், கடைசியாக அழுத்தச் சோதனை. மிஸ்ஃபயர் என்ற ஒரே அறிகுறிக்குக் கீழே இத்தனை கிளைகள் உண்டு. அந்தச் சொல்லுக்குள்ளேயே பொறியைப் புகுத்தினால் முதல் கிளையோடு தேடல் நின்றுவிடும்.

கையேட்டு வரைவில் இந்த அத்தியாயத்தில் திருத்த வேண்டிய இடங்களும் இருக்கின்றன. "மல்டிமீட்டரால் காயிலின் தடையை அளந்து நல்லதா கெட்டதா என்று அறியலாம்" என்று இருக்கிறது. கம்பி அறுந்திருந்தால் அறியலாம். மேலே சொன்ன காயிலை அளந்தபோது நல்லதைப் போலவேதான் காட்டியது. மீட்டர் கொடுப்பது சில வோல்ட். காப்பு உடைவது பல ஆயிரம் வோல்ட்டில். தவிர, மின்னணுச் சுவிட்சு உள்ளேயே இருக்கும் காயில்களில், பேட்டரி மின்சாரம் ஓடும் முதன்மைச் சுருளை இப்படி அளக்கவே முடியாது.

"எஞ்சின் ஓடும்போது காயிலை ஒவ்வொன்றாக உருவிப் பார்க்கவும்" என்ற வரியை எடுத்தே விடுங்கள். பிளக் ஒயரை உருவிப் பார்த்த காலத்துப் பழக்கம் அது. போக வழியில்லாத மின்னழுத்தம் நல்ல காயிலின் காப்பையே துளைத்துவிடலாம், கையிலும் அடிக்கும். எரியாத பெட்ரோல் வேறு சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி மாற்றிக்குப் போய் அதைச் சூடாக்கி உருக்கிவிடலாம். எஞ்சின் விளக்கு மின்னினால் வேகத்தைக் குறை என்று சொல்வதும் இதற்காகத்தான். இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்றிப் பார்ப்பது பாதுகாப்பு: கழற்றியும் எஞ்சின் ஓட்டத்தில் மாற்றம் தெரியாத சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யாதது.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

> மெக்கானிக்குகள் எல்லோரும் மிஸ்ஸிங் என்றே சொல்கிறார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன குறை?

பேச்சுக்குக் குறையே இல்லை அண்ணா, நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் பட்டறையில் வேறு என்னவெல்லாம் சொல்கிறோம் என்று கவனியுங்கள். "வண்டி மிஸ் அடிக்குது" என்பது ஒன்று. "பிளக்ல கரண்ட் வரல" என்பது வேறொன்று. எந்த மெக்கானிக்கும் இந்த இரண்டைக் கலக்கமாட்டார். அறிகுறியையும் காரணத்தையும் பட்டறைப் பேச்சே பிரித்து வைத்திருக்கிறது. கலைச்சொல்லும் அந்தப் பிரிவைக் காப்பாற்றினால் போதும் என்கிறேன்.

என் பரிந்துரை: மிஸ்ஃபயர் – எரிதவறல். கரண்ட் வராதது – பொறியின்மை. எரிதவறலை வினையாகவும் ஓட்டலாம்: "இரண்டாம் உருளை (சிலிண்டர்) எரிதவறுகிறது", "சுமையேறும்போது எரிதவறும்". எரிதவறல் எண்ணிக்கை, தொடர் எரிதவறல், பல உருளை எரிதவறல் என்று பி0300 வரிசை முழுவதற்கும் நீட்டலாம்.

> எரிதப்பல் இன்னும் நன்றாக இல்லையா? தாளம் தப்பியது, குறி தப்பியது என்கிறோமே.

எனக்கும் பிடித்திருந்தது. தாளம் தப்புவது எஞ்சின் சத்தத்துக்கு அச்சாகப் பொருந்தவும் செய்கிறது. ஆனால் தப்பு என்றதும் இன்று முதலில் தோன்றுவது "பிழை". எரிதப்பு என்று பெயராக்கினால் தவறான விதத்தில் எரிவது என்று படிப்பார்கள். அப்படி எரிவதற்கு வேறு கோளாறுகள் காத்திருக்கின்றன: நாக்கிங், பேக்ஃபயர், பிளக் அடிக்கும் முன்பே பற்றிக்கொள்வது. தவறு என்பதற்கும் இதே ஆபத்து உண்டு என்பீர்கள். உண்மைதான். ஆனால் "தவறல்" என்று முடிக்கும்போது விடுபடுதல் என்ற பொருள் கொஞ்சம் தூக்கலாக நிற்கிறது என்பது என் காது. உங்கள் காது வேறுவிதமாகச் சொன்னால் எழுதுங்கள், நான் பிடிவாதமாக இல்லை. பொறிதவறலுக்கு மட்டும் ஒப்பமாட்டேன்.

காயில் விஷயம் சுருக்கமாக. பலரும் எரியூட்டுச் சுருள் என்கிறீர்கள். செய்தித்தாளில் "உடல் எரியூட்டப்பட்டது" என்று படித்துப் பழகியவர்களுக்கு அது மின்மயானத்தில் இருக்கும் சுருளாகத்தான் தோன்றும். அங்கே நிஜமாகவே சுருள் வேறு இருக்கிறது! பொறிச்சுருள் போதும். இங்கே பொறியைத் தீப்பொறி என்று படித்தாலும் எஞ்சின் என்று படித்தாலும் பாதகமில்லை, கை போய்ப் பிடிப்பது அதே பாகத்தைத்தான். உள்ளே இருப்பவற்றுக்குப் பள்ளிப் பாடநூலின் முதன்மைச் சுருள், துணைச்சுருள் ஏற்கெனவே உண்டு. 12 வோல்ட் மின்சாரம் முதன்மையில் ஓடி, சட்டென்று அறுபடும்போது துணைச்சுருளில் பல ஆயிரம் வோல்ட்டாக எழுகிறது என்பதை அந்தச் சொற்களாலேயே எழுதிவிடலாம்.

மிச்சம் இரண்டு. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் நேராக உட்காரும் வகைக் காயிலுக்குத் தலைப்பொறிச்சுருள் என்று யோசித்தேன், திருப்தி இல்லை. ஒரே காயில் 1, 4 என இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரே நேரத்தில் பொறி கொடுக்கும் பழைய அமைப்புக்கு இணைப்பொறிச்சுருள் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். பி0301, பி0304 இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் அந்தச் சுருளைப் பார் என்று எழுதும் இடத்தில் பெயரே காரணத்தைச் சொல்லிவிடும். முதலாவதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் தாருங்கள்; அடுத்த அத்தியாயம் அதற்காகத்தான் நிற்கிறது.

அன்புடன்,
சேலத்துப் பட்டறைக்காரன்