ஸ்டார் சார்ட் ஒட்டியும் பலன் இல்லை, 4 வயது பையனுக்கு என்ன மாற்றணும்?

மஞ்சக்குப்பம் அம்மா:
கடலூர்ல இருக்கோம். மகன் எல்கேஜி. சொன்னதைச் செஞ்சா ஸ்டார் ஒட்டுற சார்ட் ஒண்ணை ஃபிரிட்ஜ் கதவுல வெச்சிருக்கோம். பல் தேய்ப்பது, தானே சாப்பிடுவது, பொம்மையை எடுத்து வைப்பது, தங்கச்சியை அடிக்காமல் இருப்பது, நல்ல பையனா இருப்பதுன்னு அஞ்சு வரிசை. வாரத்துக்கு 25 ஸ்டார் சேர்ந்தா ஞாயிற்றுக்கிழமை சில்வர் பீச். அடம் பிடிச்சா ஒரு ஸ்டாரைப் பிச்சிடுவோம். ஆரம்பத்துல ஆர்வமா இருந்தான், இப்போ சார்ட் பக்கம் திரும்புறதே இல்லை. எதைச் சொன்னாலும் "என்ன தருவே?"ன்னு கேட்கிறான். கடையில அழுகை. அழுதா மாமியார் டாஃபி கொடுத்துடறாங்க. பரிசு கொடுக்கறதே தப்பா?

லாஸ்பேட்டை டீச்சர்:
பரிசு தப்பில்லைங்க. சார்ட்லதான் கோளாறு, ஒண்ணு ரெண்டு இல்ல.

அஞ்சு வரிசை இந்த வயசுக்கு அதிகம். ஒண்ணு போதும், மிஞ்சினா ரெண்டு. "நல்ல பையனா இருப்பது"ன்னா என்ன செய்யணும்னு அவனுக்கு எப்படித் தெரியும்? கண்ணால பார்க்கக்கூடிய செயலா எழுதணும். "அடிக்காமல் இருப்பது"ம் அப்படித்தான், தூங்குற பிள்ளைகூட அடிக்காமத்தான் இருக்கும். அதுக்குப் பதில் "பொம்மை வேணும்னா வாயால கேட்கறது"ன்னு வையுங்க. கேட்ட உடனே ஸ்டார்.

உடனேன்னா சில நொடிக்குள்ள. ராத்திரி உட்கார்ந்து கணக்குப் பார்த்து ஒட்டுற ஸ்டார் எதுக்குன்னு பிள்ளைக்குப் புரியாது. கையில் குத்துற ரப்பர் ஸ்டாம்ப் இன்னும் வசதி. ஞாயிற்றுக்கிழமை ரொம்பத் தூரம். 3 ஸ்டார் வந்தா அன்னைக்கே ஏதாவது: ராத்திரி கூடுதலா ஒரு கதை, மாடியில செடிக்குத் தண்ணி ஊத்துறது. பீச்சைச் சார்ட்ல கட்டாதீங்க, அது எப்படியும் போகிற இடமா இருக்கட்டும்.

கொடுத்த ஸ்டாரைப் பிச்சு எடுக்கவே கூடாது. காலையில சம்பாதிச்சது சாயங்காலம் பறிபோகும்னா அவன் ஏன் மெனக்கெடணும்?

பொம்மை விஷயத்துல முழு வேலையையும் முதல் நாளே கேட்காதீங்க. எல்லாத்தையும் நீங்க கூடையில போட்டுட்டு கடைசி 3 பிளாக்கை மட்டும் அவன்கிட்ட விடுங்க. போட்டதும் ஸ்டாம்ப். அது சுலபமா நடக்க ஆரம்பிச்சதும் கால்வாசி, அப்புறம் பாதி. நடுவுல மக்கர் பண்ணினா ஒரு படி கீழே இறங்குங்க. "வெரி குட்" மட்டும் சொன்னா எதுக்குன்னு தெரியாது. "பிளாக் எல்லாத்தையும் நீயே கூடையில போட்டுட்டியே"ன்னு செஞ்சதைச் சொல்லுங்க.

முத்தியால்பேட்டை:
"என்ன தருவே?" பற்றி மட்டும். பிள்ளை மறுத்த பிறகு "செஞ்சா சாக்லேட் தரேன்" என்று பேரம் பேசினால், மறுப்பதற்குத்தான் விலை கிடைக்கிறது. வேலை தொடங்கும் முன்பே விதியைச் சொல்லிவிட வேண்டும். "முதல்ல பல்லு, அப்புறம் கதை." அவ்வளவுதான். அவன் கேட்டால் குரலை உயர்த்தாமல், "இதுக்கு ஸ்டார் இல்லப்பா, முடிச்சதும் வெளியே போகலாம்" என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

அவனுக்கு ஏற்கெனவே பிடித்த காரியத்துக்குப் பரிசு வேண்டாம். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் நர்சரிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு பிரபலமானது. படம் வரைவதில் ஆசையுள்ள பிள்ளைகளிடம் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். பிறகு தாமாக விளையாடும் நேரத்தில் அவர்கள் வரைவது குறைந்துவிட்டது. சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. ஆகவே தானே சாப்பிடுவது அவனுக்குப் பிடித்திருந்தால் அந்த வரிசையை எடுத்துவிடுங்கள்.

பழக்கம் பிடிக்கும்வரை ஒவ்வொரு முறையும் ஸ்டார். பிடித்த பிறகு சில முறை உண்டு, சில முறை இல்லை, எப்போது என்று அவனால் ஊகிக்க முடியாதபடி. பாராட்டு மட்டும் நிற்கக் கூடாது. திடீரென்று ஒரே நாளில் ஸ்டாரை நிறுத்தினால் பழக்கமும் கூடவே போய்விடும்.

கெடிலக்கரை:
அக்கா, டாஃபி பெரிய சிக்கல். பத்துத் தடவை அழுததுல ஒரு தடவை கிடைச்சாலும் போதும், "இன்னும் கொஞ்சம் அழுதா வரும்"னு பிள்ளை கத்துக்கும். எப்பவாவது கிடைக்கிற பரிசுல பிடிச்ச பழக்கம் லேசுல போகாது. அத்தையோட சண்டை வேண்டாம், ஸ்டாம்ப்பை அவங்க கையிலேயே கொடுத்துடுங்க. செல்லம் கொடுக்கிற உரிமை அவங்களுக்குத்தான், ஆனா அழுகைக்கு முன்னாடி, நல்லது செஞ்சப்போ.

டாஃபி நின்னதும் அழுகை முதல்ல கூடும். அதைப் பார்த்துத்தான் நிறைய வீட்டுல "வேலைக்கு ஆகல"ன்னு விட்டுடறாங்க. அந்த நேரத்துல இறங்கி வந்தா இன்னும் பெரிய சத்தம் போடணும்னு சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிடும். அழுகையைக் கண்டுக்காம இருங்க. ஓய்ஞ்சு சாதாரணமா பேசின உடனே முகம் கொடுத்துப் பேசுங்க. தங்கச்சியை அடிச்சா மட்டும் கண்டுக்காம விடக்கூடாது. கையைப் பிடிச்சு நிறுத்திட்டு, அடி வாங்கினவளை முதல்ல கவனிங்க.

லாரன்ஸ் ரோடு கடைக்குப் போறதுக்கு முன்னாடியே "இன்னைக்குப் பாப்பாவுக்குச் சட்டை மட்டும்"னு சொல்லிடுங்க. கையில ஒரு சின்னப் பையைக் கொடுங்க. ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா "பையைப் பத்திரமா வெச்சிருக்கியே"ன்னு ஒரு வார்த்தை. அழுதா வாங்காம வெளியே வந்துடுங்க. ஸ்கூல் விட்டு பசியோட இருக்கிற பிள்ளையைக் கூட்டிட்டுப் போனா எந்த ஸ்டாரும் உதவாது, முதல்ல சோறு.

மஞ்சக்குப்பம் அம்மா:
நன்றி. பழைய சார்ட்ல 11 ஸ்டார் நிக்குது, அதை என்ன செய்ய? தங்கச்சிக்கும் தனியா ஒரு சார்ட் வைக்கலாமா? அவளுக்கு ஒண்ணரை வயசு.

லாஸ்பேட்டை டீச்சர்:
11-ஐ வெச்சே இந்த ஞாயிறு பீச்சுக்குக் கூட்டிட்டுப் போய்க் கணக்கை முடிச்சுடுங்க. திங்கட்கிழமை புதுத் தாள், ஒரே வரிசை. பாப்பாவுக்குச் சார்ட் வேண்டாம், புரியாது. சொன்னதைச் செஞ்சதும் கைதட்டித் தூக்கிக்கோங்க. ஸ்டிக்கரை மட்டும் அவ கைக்கு எட்டாம வையுங்க, வாயில போட்டுப்பா.